பதினான்கு தீவுகளின் நகரில் ஒரு நாள்

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோம் பதினான்கு தீவுகளின்மேல் அமைந்த நகரம். மேற்கே மேலாரன் என்னும் நன்னீர் ஏரி. கிழக்கே பால்டிக் கடல். ஏரி நீர் கடலோடு சேரும் வாயிலில்தான் பழைய நகரம் எழுந்தது. எந்தத் தெருவில் நடந்தாலும் சற்றுத் தொலைவில் ஒரு பாலமோ படகுத்துறையோ எதிர்ப்படும்.

அந்நகரின் வடபுறத்தில் ஷிஸ்தா என்றொரு பகுதி. எழுதும்போது கிஸ்தா, சொல்லும்போது ஷிஸ்தா. கணினி நிறுவனங்கள் மிகுந்த இடமாதலால் நம் நாட்டவர் பலர் அங்கே குடியிருக்கின்றனர். அங்குள்ள தம் மகள் வீட்டிற்குத் திருவானைக்காவலிலிருந்து வந்திருந்தார் 67 வயதான அம்மையார் ஒருவர். ஊர் திரும்ப இரண்டே நாட்கள் இருந்தன. புதன்கிழமை விடுப்பு எடுத்து நகரைச் சுற்றிக் காட்டுவதாக மகள் சொல்லியிருந்தார். செவ்வாய் இரவு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து விடுப்பு போயிற்று. வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், அல்லது தனியே போய் வரலாம். மகள் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அம்மையார் போய் வருவதாகச் சொல்லிவிட்டார்.

சொல்வது எளிது. அவர் வாழ்நாளில் தனியே போன ஊர்கள் மிகச் சில. உணவு விடுதியில் தனியே அமர்ந்து உண்டதோ ஒருமுறைகூட இல்லை. கணவர் இருந்தவரை, எதைச் சாப்பிடலாம் என்று விசாரித்துச் சொல்வது அவர் பொறுப்பு. அவர் மறைந்த நான்கு ஆண்டுகளில் அப்படி ஒரு தேவையே எழவில்லை. அதற்காகவே விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறி எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டார். மகள் தம் வங்கி அட்டை ஒன்றையும், கொஞ்சம் குரோனா நோட்டுகளையும், கையால் வரைந்த படம் ஒன்றையும் கொடுத்துவிட்டு அலுவலகம் சென்றார்.

ஷிஸ்தாவிலிருந்து நகர மையத்திற்குச் சுரங்க ரயில் ஓடுகிறது. நுழைவாயிலில் உள்ள கருவியின்மேல் அட்டையை வைத்தால் கதவு திறக்கும். பயணச்சீட்டுக்கென வரிசை இல்லை. இந்த ரயில் பாதையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மொத்தமுள்ள நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றை ஓவியங்களும் சிற்பங்களும் அலங்கரிக்கின்றன. பாறையைக் குடைந்த சில நிலையங்களில் சுவரைப் பூசி மெழுகாமல், குகை போலவே கரடுமுரடாக விட்டு அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். வழியில் வரும் சோல்னா நிலையத்தில் மேற்பாறை முழுவதும் அந்தி வானத்தின் சிவப்பு. அதன் கீழே நெடுகப் பச்சை மரக்காடு. இறங்க வேண்டிய மைய நிலையத்தில் வெள்ளைப் பாறையில் நீல நிறக் கொடிகளும் இலைகளும் படர்கின்றன. அதே நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் உருவங்களையும் நிழல் வடிவமாக அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். 1975-இல் தீட்டியவை. கோபுரம் கட்டிய கொத்தனின் உருவைக் கோபுரத்திலேயே வைப்பதற்கு ஒப்பான செயல் இது.

அந்த நிலையத்தில் நிற்கும்போதுதான் பையின் எடை குறைவாயிருப்பது அம்மையாருக்கு உறைத்தது. புளியோதரை டப்பா ஷிஸ்தா வீட்டின் சமையல் மேடையிலேயே இருந்தது. திரும்பிப் போனால் அரைமணி; மறுபடி வர அரைமணி. போனால் மீண்டும் புறப்பட மனம் வராது என்பது அவருக்குத் தெரியும். ‘இன்று ஏகாதசி என்று எண்ணிக்கொண்டால் போகிறது’ என்று நகரும் படிக்கட்டில் ஏறிவிட்டார்.

மேலே வந்து சிறிது நடந்தால் ஹோதோரியெட். வைக்கோல் சந்தை என்று பொருள். வார நாட்களில் அங்கே திறந்தவெளியில் பழமும் பூவும் விற்கிறார்கள். ஸ்ட்ராபெரிப் பழங்களும் செர்ரிப் பழங்களும் குவியலாகக் கிடக்க, கடைக்காரர்கள் நம் ஊர்ச் சந்தையைப் போலவே கூவி விற்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ரொக்கம் வாங்கிக்கொண்டார். அதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் பின்னால் வருகிறது.

சந்தையின் ஓரத்தில், உயர்ந்த தூண்களோடு நீல நிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1926-இல் திறக்கப்பட்ட இசையரங்கம் அது. அமைதிப் பரிசு நீங்கலான நோபல் பரிசுகள் ஆண்டுதோறும் டிசம்பர் 10-ஆம் நாள் வழங்கப்படுவது இங்கேதான். அம்மையார் அந்நகரில் முதலில் காண விரும்பியது இந்தக் கட்டடத்தை. காரணம் எளிது: சர் சி.வி. ராமன் பிறந்தது 1888-இல், திருவானைக்காவலில். அவ்வூர்ப் பள்ளியில் பயிலும் எந்தக் குழந்தைக்கும் அந்தப் பெயரைச் சொல்லாமல் பாடம் தொடங்குவதில்லை.

1930-ஆம் ஆண்டு டிசம்பரில் ராமன் இந்த அரங்கினுள் மன்னரிடமிருந்து பரிசு பெற்றார். பரிசு தமக்கே வரும் என்ற உறுதியில், அறிவிப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்பர். அந்நாளில் இந்தியா அடிமை நாடு. மேடையில் பிரிட்டிஷ் கொடியின்கீழ் அமர நேர்ந்தபோது, தம் நாட்டுக்கென ஒரு கொடிகூட இல்லையே என்று கண்கலங்கியதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காவிரிக்கரையில் பிறந்தவர் அந்த இருளிலும் குளிரிலும் இந்தப் படிகளில் ஏறியிருக்கிறார்.

அவரோடு முடியவில்லை. ராமனின் தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-இல் இதே அரங்கில் பரிசு பெற்றார். 2009-இல் வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கடராமன் ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் சிதம்பரம். திருவானைக்காவல் அப்புத்தலம், சிதம்பரம் ஆகாசத்தலம். இரு தலங்களிலும் பிறந்தவர்கள் இந்த வடகோடி நகரின் ஒரே மண்டபத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். கோடைக்காலமாதலால் கதவுகள் சாத்தியிருந்தன. படிகளில் இளைஞர்கள் அமர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மையாரும் ஓர் ஓரமாக அமர்ந்து ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தின்றார். கழுவாமல் தின்கிறோமே என்ற உறுத்தலோடுதான்.

அங்கிருந்து தெற்கே அரசியார் பெயர் கொண்ட கடைவீதி வழியாக நடந்து பாலத்தைக் கடந்தால் பழைய நகரம். காம்லா ஸ்தான் என்பது அதன் பெயர். மஞ்சளும் காவியுமாக நெருங்கி நிற்கும் வீடுகள். கருங்கல் பாவிய சந்துகள். அவற்றுள் மிகக் குறுகியது 90 சென்டிமீட்டர் அகலமே. மூட்டு வலி உள்ளவர்கள் இங்கே குதி உயர்ந்த செருப்போ தேய்ந்த செருப்போ அணியலாகாது. கற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. நடுவிலுள்ள பெரிய சதுக்கத்தில் இன்று சிற்றுண்டிக் கடைகளும் நோபல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1520-ஆம் ஆண்டு நவம்பரில் டென்மார்க் மன்னன் கிறிஸ்தியான், மன்னிப்பு அளித்து விருந்துக்கு அழைத்த பெருமக்களில் எண்பதுக்கு மேற்பட்டவர்களை வெட்டிச் சாய்த்தது இதே சதுக்கத்தில். வாக்குத் தவறிய அந்தச் செயலே சுவீடன் மக்களை எழுப்பித் தனிநாடாக்கியது.

சுவீடன் மக்களுக்கு ஃபீகா என்றொரு வழக்கம் உண்டு. வேலையை நிறுத்திவிட்டு, காபியும் ஏதேனும் ரொட்டிப் பண்டமுமாகச் சிறிது நேரம் அமர்வது. அவர்கள் விரும்பி உண்ணும் பண்டங்களில் ஒன்று ஏலக்காய் மணக்கும் முறுக்கிய ரொட்டி. ஏலச்செடி முளைக்கவும் வழியில்லாத குளிர்நாட்டில் பேக்கரிக்குப் பேக்கரி ஏலக்காய் வாசனை வீசுவது வியப்புத்தான். அம்மையாரும் அந்த வாசனையால் இழுக்கப்பட்டே ஒரு கடைக்குள் சென்றார். முட்டை உண்டா என்று கேட்டார். மாவில் இல்லை, மினுமினுப்புக்காக மேலே தடவியிருக்கிறது என்று விற்பனைப் பெண் உண்மையைச் சொன்னாள். காபி மட்டும் போதும் என்றார் அம்மையார்.

காபிக்கு நோட்டை நீட்டியபோது அந்தப் பெண் தலையசைத்து, கல்லாவின் அருகே இருந்த அறிவிப்பைக் காட்டினாள். இந்தக் கடையில் ரொக்கம் வாங்குவதில்லை. ஊரெங்கும் இப்போது இதே அறிவிப்புத்தான். வங்கித் தொழிலின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றும். ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் காகிதப் பணத்தை வெளியிட்டது இதே ஸ்டாக்ஹோம் நகர வங்கி, 1661-இல். அதற்குமுன் அந்நாட்டில் செம்புத் தகடுகளே பணம். மிகப் பெரிய தகட்டின் எடை 19 கிலோவுக்கு மேல். சுமக்க மாட்டாமல் காகிதத்துக்கு வந்தார்கள். அளவின்றி அச்சிட்டு அந்த வங்கி நொடித்தது. பிறகு 1668-இல் அரசு தோற்றுவித்த ரிக்ஸ்பேங்க், இன்றுள்ள மத்திய வங்கிகளில் உலகிலேயே மூத்தது. அதன் ஐந்நூறு குரோனா நோட்டில் பாடகி ஒருவரின் படமும், இருபது குரோனா நோட்டில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவரின் படமும் இருக்கின்றன. இத்தனை அழகான நோட்டை அச்சிட்டுவிட்டு, ஒரு காபிக்கு அதை வாங்க மறுப்பது என்ன நியாயமோ!

மகளின் அட்டையைப் பையின் அடியிலிருந்து எடுக்கும்போது அம்மையாருக்குக் கை சற்று நடுங்கியது. இரகசிய எண் ஏதும் கேட்கவில்லை. தொட்டதும் கருவி ஒலித்தது. அவ்வளவுதான். பாலும் சர்க்கரையும் தனி மேசையில் இருந்தன, வேண்டியமட்டும் ஊற்றிக்கொள்ளலாம். கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அது காபி வாசனையுள்ள வெந்நீர்தான். ஆனால் கோப்பை பெரிது. மறுகோப்பைக்குத் தனிக்காசு இல்லை.

அரண்மனையையும் பழைய பேராலயத்தையும் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு அவர் ஸ்லுசென் படகுத்துறைக்கு நடந்தார். அங்கிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் பத்து நிமிடப் பயணம். ரயிலுக்குரிய சீட்டே படகுக்கும் செல்லும். மேல்தளத்தில் குளிர்காற்று வீச, தீவுகளும் கோபுரங்களும் மெல்லத் திரும்பிக் காட்சி தரும். தெப்பத்தில் அமர்ந்து கரையைப் பார்ப்பது போன்ற இந்தப் பத்து நிமிடத்திற்கு நகரில் ஈடு இல்லை.

தீவில் இருப்பது வாசா அருங்காட்சியகம். ஒரே ஒரு கப்பலுக்காகக் கட்டிய மாளிகை. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. மரத்தைக் காப்பதற்காக ஒளியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கண் பழகியபின் எதிரே கரிய மலைபோல ஒன்று எழுகிறது. நீளம் 69 மீட்டர். பாய்மர உச்சி வரை உயரம் 52 மீட்டர். பின்புறம் முழுவதும் சிங்கங்களும் வீரர்களும் அரசர்களுமாக நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள். ஆழித்தேரின் முன் நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதுபோலத்தான் இங்கேயும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அந்தத் தேர் நிலையை விட்டுப் புறப்பட்டது ஒரே நாள். 1628 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. குஸ்தாவ் அடால்ஃப் மன்னர் தம் போருக்காகக் கட்டுவித்த கப்பல். இரண்டு தளங்களில் கனத்த பீரங்கிகள், மொத்தம் 64. கரையில் ஊரே கூடியிருந்தது. சுமார் 1,300 மீட்டர் தூரம் சென்றதும் இலேசான காற்று ஒன்று அடித்தது. கப்பல் சாய்ந்தது, பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்தது, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. முப்பது பேரளவில் மாண்டனர்.

மேற்புறம் கனம், அடிப்புறம் ஒடுக்கம், இதுதான் பிழை. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பிழை முன்பே தெரிந்திருந்தது. புறப்படுவதற்கு முன் முப்பது ஆட்களை மேல்தளத்தில் இப்புறமும் அப்புறமும் ஓடச் செய்து சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, கவிழ்ந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். மன்னரோ போர்க்களத்தில், விரைந்து அனுப்புங்கள் என்று கடிதத்தின்மேல் கடிதம். சோதனை தோற்றது என்று அவருக்கு எழுத ஒருவரும் துணியவில்லை. பிறகு விசாரணை நடந்தது. கட்டிய ஆசாரி முந்தின ஆண்டே இறந்திருந்தார். அளவுகளை அங்கீகரித்தவர் மன்னர். யாரும் தண்டிக்கப்படவில்லை. அலுவலகங்களில் காலம் கழித்தவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இராது.

333 ஆண்டுகள் சேற்றில் கிடந்த கப்பலை 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொணர்ந்தார்கள். பால்டிக் கடலில் உப்புக் குறைவு. மரத்தை அரிக்கும் கடற்புழு அங்கே வாழ்வதில்லை. ஆகவே கப்பல் கெடாமல் இருந்தது. காய்ந்து சுருங்காதிருக்கப் பதினேழு ஆண்டுகள் ஒருவகைத் திரவத்தை அதன்மேல் தெளித்து வந்தார்கள். கீழ்த்தளத்தில் மாலுமிகளின் மரக்கரண்டிகளும் காலணிகளும் உள்ளன. கப்பலோடு மூழ்கியவர்களின் எலும்புக்கூடுகளும் உள்ளன. அந்தப் பகுதியில் அம்மையார் அதிகநேரம் நிற்கவில்லை. மற்ற நாடுகள் வெற்றித் தூண்களைக் காட்டும். இவர்கள் தங்கள் தோல்வியைத் துடைத்து எண்ணெயிட்டு நடுவீட்டில் வைத்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது மணி இரண்டரை. அருங்காட்சியகத்தின் உணவகத்தில் எட்டிப் பார்த்தார். மாமிச உருண்டைகளின் வாசனை முகத்தில் அறைந்தது. திரும்பிவிட்டார். காலையில் சங்கற்பித்த ஏகாதசியைத் தொடர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எத்தனை பிரயாணங்களில் அப்படிப் பட்டினியாக இருந்து, பசியில்லை என்று சொல்லியிருக்கிறார்! வீட்டார் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ட கைக்கு, தனக்கென்று ஒரு தட்டு கேட்பது பழக்கமில்லை. சிறிதுநேரம் பெஞ்சில் அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், விசாரணை மேசையில் இருந்த பெண்ணிடம், “எனக்குப் பசிக்கிறது. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாத சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தப் பெண் சொன்ன யோசனை, இந்நாடுகளுக்குச் செல்லும் முதியவர்கள் அனைவருக்கும் பயன்படும். ‘வெஜிடேரிஸ்க்’ என்று எழுதியிருந்தால் முட்டை இருக்கலாம். கன்றின் இரைப்பைச் சாறு சேர்த்த பாலாடைக்கட்டியும் இருக்கலாம். ‘வெகான்ஸ்க்’ என்றிருந்தால் தாவர உணவு மட்டுமே. பாலும் தயிரும் கிடைக்காது. ஆனால் கவலையின்றி உண்ணலாம். பட்டாணி சூப் என்று ஏமாறவும் கூடாது. வியாழக்கிழமை தோறும் அந்நாட்டார் வழக்கமாக உண்ணும் பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேரும். இவ்வளவும் சொல்லி, ஒரு தாளில் வழியையும் வரைந்து கொடுத்தாள்.

மீண்டும் படகேறி ஸ்லுசென். அங்கிருந்து ஏறுமுகமான தெரு ஒன்று ஃபியெல்காத்தன் என்னும் மேட்டுக்குச் செல்கிறது. இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மேட்டின் விளிம்பில், தாவர உணவு மட்டுமே பரிமாறும் விடுதி. வாயிலில் ஒருமுறை பணம் கட்டினால் போதும்; வேண்டியதை வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் தட்டை எட்டிப் பார்ப்பதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் சோம்புக்கீரையைப் போன்ற தில் தழை தூவியிருந்தது. பருப்புக் கூட்டு, பீட்ரூட், அவரை, புளிப்பும் இனிப்புமான சிவந்த லிங்கோன் பழக்கூழ், அப்பளம்போல் நொறுங்கும் ரை தானிய ரொட்டி. உப்பும் உறைப்பும் நம் கணக்குக்குக் குறைவுதான். குழாய் நீரே பருகத் தக்கதாதலால் தண்ணீருக்குக் காசு இல்லை.

தட்டோடு வெளியே வந்து, தனி மேசையில் அம்மையார் அமர்ந்தார். கீழே நீர்ப்பரப்பு முழுவதும் விரிந்திருந்தது. இடப்புறம் பழைய நகரின் கூரைகள், எதிரே சற்றுமுன் விட்டுவந்த தீவு, நடுவே வெள்ளைப் படகுகள். யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை. யார் சாப்பிட்டு முடித்தார்கள் என்று பார்க்கவும் வேண்டியதில்லை. மெல்ல உண்டார். பிறகு எழுந்து போய் இரண்டாம் முறையும் உருளைக்கிழங்கு எடுத்து வந்தார்.

ஷிஸ்தா வீட்டை அடைந்தபோது மாலை ஆறரை. வெயில் நம் ஊர் மூன்று மணி வெயில்போல் அடித்துக்கொண்டிருந்தது. மகள் கதவைத் திறந்தபோதே கையில் அந்த எவர்சில்வர் டப்பா.

“இதை வெச்சுட்டுப் போயிட்டியேம்மா! நாள் பூரா பட்டினியா?”

“ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்” என்றார் அம்மையார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. “உன் அட்டையிலே எவ்வளவு போச்சுன்னு பாரு.”

புளியோதரை கெட்டிருக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தாயும் மகளும் பலகணி ஓரமாக அமர்ந்து அதை உண்டார்கள். சூரியன் மறைய இன்னும் சுமார் ஒரு மணி நேரம் இருந்தது.